தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நிற்கும் அரசாங்கம்

(வட்டாரத் தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இந்த மேடையில் வழக்கமாகச் சம்பளம் பேசுவோம், போனஸ் பேசுவோம், மழைநாள் கூலி பேசுவோம். இன்று செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வேறு. நாம் வாழும் மாவட்டத்தில் அரசாங்கம் எப்படி நடக்கிறது, அது என்னென்ன சேவை செய்கிறது, அதில் நமக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பதைப் பேசச் சொன்னார். தலைப்பைக் கேட்டதும், "இது டவுன்காரன் விஷயமாயிற்றே, பால் வெட்டுகிறவனுக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவருக்காகவே பேசப்போகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். லயத்துக்குப் பின்னால் குப்பை மலைபோல் குவிந்துவிட்டால் யாரிடம் சொல்வீர்கள்? மானேஜரிடம். தெருவிளக்கு எரியவில்லையா? மானேஜர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையில் பள்ளம் விழுந்தால்? அதற்கும் மானேஜர்தான். பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் மலாய்க்காரத் தோழரிடமோ புதுக்கிராமத்துச் சீனரிடமோ இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பெங்குலு என்பார், ஒருவர் கவுன்சிலர் என்பார், ஒருவர் பொதுப்பணி இலாகா என்பார். நமக்கு மட்டும் எல்லா நோய்க்கும் ஒரே வைத்தியர்.

இந்தப் பழக்கம் நாமாகத் தேடிக்கொண்டதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடியிருப்பையும் ஆஸ்பத்திரியையும் தோட்ட முதலாளியின் தலையில் கட்டியது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் பள்ளிக்கூடமும் அவன் பொறுப்பு என்றது. கேட்க நன்மை போலத்தான் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் செய்யவேண்டியதை முதலாளி செய்வான் என்று எழுதிவைத்துவிட்டு, அரசாங்கம் தோட்டத்து வாசலோடு நின்றுகொண்டது. துரைதான் நமக்கு முனிசிபாலிட்டி. துரை நல்லவராக வாய்த்தால் குழாயில் தண்ணீர் வந்தது. இல்லாவிட்டால் ஆற்றுத் தண்ணீர்.

துரைமார் போய்ப் பல காலமாயிற்று. நாடு விடுதலை பெற்றது 1957-இல். வாசலில் நின்ற அரசாங்கம் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் கூட்டரசு. அதன் கீழ் மாநிலம். மாநிலம் மாவட்டங்களாகவும், மாவட்டம் முக்கிம்களாகவும் பிரிந்திருக்கிறது. முக்கிமுக்குப் பெங்குலு, கம்பத்துக்குக் கெத்துவா கம்போங். கிளந்தானில் இதற்கெல்லாம் வேறு பெயர்கள் உண்டு, அதை விட்டுவிடுகிறேன். மாவட்டத்தின் தலைவர் மாவட்ட அதிகாரி, நம் வாயில் 'டி.ஓ.' அவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. சில மாநிலங்களில் கூட்டரசின் நிர்வாகச் சேவையிலிருந்து வருகிறார், சிலவற்றில் மாநிலச் சேவையிலிருந்து வருகிறார். சாதாரணமாக அவருக்கு இரண்டு தொப்பி. ஒரு தொப்பியில் அவர் மாவட்ட அதிகாரி: இலாகாக்களை ஒன்றுசேர்த்துக் கூட்டம் போடுவார், கம்பங்களின் முன்னேற்றக் காரியங்களைக் கவனிப்பார், வெள்ளம் வந்தால் மாவட்டப் பேரிடர்க் குழுவுக்குத் தலைமை தாங்குவார். இன்னொரு தொப்பியில் அவர் நில நிர்வாகி. இந்த இரண்டாவது தொப்பியைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி.ஓ. ஆபீஸ் வேறு, மாவட்ட மன்றம் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நம்மவர் அரைநாள் சம்பளத்தை இழந்து தவறான ஆபீசில் வரிசை பிடித்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே சாலையில், சில ஊர்களில் ஒரே வளாகத்தில் இருப்பதால் வரும் குழப்பம். மாவட்ட மன்றம் என்பது 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி நடக்கும் ஊராட்சி மன்றம். பெரிய ஊரானால் அதுவே நகராண்மைக் கழகம். சந்தை, அங்காடிக் கடை, சாக்கடை, தெருவிளக்கு, விளையாட்டுத் திடல், வியாபார லைசென்ஸ், கட்டடப் பிளான் ஆகியவை அதன் வேலை. குப்பையும் அதன் வேலைதான், ஆனால் எல்லா மாநிலத்திலும் இல்லை. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய ஆறு மாநிலங்களில், 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011-இல் அமலுக்கு வந்த பிறகு, குப்பை அள்ளுவது கூட்டரசின் பொறுப்பாகிவிட்டது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் பினாங்கிலும் இன்னும் மன்றம்தான் பார்க்கிறது. ஆகவே குப்பைக்கு மனு எழுதும்போது நீங்கள் எந்த மாநிலம் என்று பார்த்து எழுதுங்கள்.

மன்றத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்கும் கடைக்கும் விதிக்கும் மதிப்பீட்டு வரி, நம்மவர் 'சுக்காய் பிந்து' என்பது. லைசென்ஸ் கட்டணம், அபராதம், பிறகு கூட்டரசும் மாநிலமும் கொடுக்கும் மானியம். சிறிய மாவட்ட மன்றங்களில் வரி வசூல் சொற்பம், மானியம் வந்தால்தான் கை அசையும். இதையும் நாம் நியாயமாகச் சொல்லவேண்டும்: மன்றத்து அலுவலர் எல்லோரும் மனமில்லாதவர்கள் அல்லர், பல இடங்களில் பணமில்லாதவர்கள்.

மன்றத்தை நடத்துகிறவர்கள் யார்? ஒரு தலைவர், 8 பேருக்குக் குறையாமல் 24 பேருக்கு மேற்போகாமல் கவுன்சிலர்கள். அவர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. ஒரு நியமனம் 3 ஆண்டுக்கு மேற்போகாது. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம், சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். நம் வாசலுக்கு மிக அருகில் இருக்கும் மன்றத்துக்கு மட்டும் ஓட்டு இல்லை.

முன்பு அது இருந்தது, தோழர்களே! இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. 1951-இல் ஜார்ஜ் டவுனிலும், 1952-இல் கோலாலம்பூரிலும் முனிசிபல் தேர்தல் நடந்தது. சுதந்திரத்துக்கு முன்பே நடந்தது. 1952-இல் வந்த ஊராட்சி மன்றச் சட்டம் சிறு கிராமங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அமைக்க வழி செய்தது. 1965-இல் இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த நேரத்தில், அவசரகால விதியின்படி ஊராட்சித் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது. நிலைமை சரியானதும் நடக்கும் என்றார்கள். அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் நியமிக்கப்பட்டது. அதற்குத் தலைவர் யார்? நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன் அவர்கள். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர். அப்போது மேற்கு மலேசியாவில் 374 ஊராட்சி மன்றங்கள் இருந்தன. ஆணையம் அவற்றை ஆராய்ந்து, குறைகளையெல்லாம் எடுத்துச் சொல்லி, ஆனாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அறிக்கை 1971-இல் தான் வெளியிடப்பட்டது. அந்தப் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சித் தேர்தல் கிடையாது என்றே எழுதிவிட்டது. பினாங்கு மாநிலம் 2012-இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்கப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

இப்போது புதுக்கிராமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரகாலத்தில் சீனர்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அதே காலத்தில் நம் லயங்களையும் ஒன்றுசேர்த்து வேலி போட்டார்கள். வேலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் வேலி போன பிறகு அவர்களுக்கு மன்றம் வந்தது, சாலை அரசாங்கக் கணக்கில் ஏறியது, வீட்டு மனைக்குக் குத்தகைப் பத்திரம் வந்தது. நமக்கு வேலி போன பிறகும் லயம்தான். காரணம் என்ன? அது முதலாளியின் தனியார் நிலம். நாம் நிலத்தில் குடியிருந்தோம், நிலத்தில் நமக்குப் பெயர் இல்லை. மாவட்ட ஆட்சி முழுவதும் நிலத்தின் மேல் கட்டப்பட்ட ஆட்சி. நிலத்தில் பெயர் இல்லாதவனை அதற்கு அடையாளம் தெரிவதில்லை.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு ஆண்டுதோறும் மாநிலத்துக்கு மானியம் தருகிறது. எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு பதிவு வைத்திருக்கிறார்கள், 'மாரிஸ்' என்பது அதன் பெயர். அந்தப் பதிவில் ஏறிய சாலைக்குப் பணம் உண்டு. ஏறாத சாலைக்கு இல்லை. மெயின் ரோட்டிலிருந்து நம் லயத்துக்கு வரும் மண் ரோடு தோட்டத்தின் சொந்த ரோடு, பதிவில் இல்லை. ஆகவே தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் வந்து "நான் தார் போட்டுத் தருகிறேன்" என்றால் கைதட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: "ஐயா, ரோட்டைத் தோட்டத்திடமிருந்து அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா, மாரிஸில் ஏறுமா, அல்லது ஒருமுறை தாரோடு சரியா?" ஒருமுறை போட்ட தார் இரண்டு மழைக்குள் பல்லிளிப்பதைப் பார்த்தவர்கள் நாம்.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்து ரோடு மெயின் ரோட்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறு பாலம். அதன் ஓரம் சரிந்து, பள்ளி வேன் திரும்பும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும் நிலைமை. தோட்ட நிர்வாகம் "அது அரசாங்கத்துப் பாலம்" என்றது. ஓர் இலாகாவுக்கு எழுதினோம். "அது தோட்டத்துப் பாலம்" என்று பதில். இன்னோர் இலாகா, "எங்கள் வேலை வாய்க்கால், பாலம் அல்ல" என்றது. மூன்றாவது ஆபீஸ் பதிலே போடவில்லை. எங்கள் கிளைச் செயலாளர், எட்டாம் நம்பர் வெட்டில் பால் வெட்டுகிறவர், அவர்தான் ஒரு யோசனை சொன்னார்: "யாருடைய பாலம் என்று வாயால் சண்டை போடுவானேன்? நில ஆபீசில் பிளான் இருக்குமே!" கட்டணம் கட்டிப் பிளான் நகல் வாங்கினோம். பாலத்தின் முக்கால் பங்கு அரசாங்கச் சாலைக்கு ஒதுக்கிய நிலத்தில் இருந்தது. நகலை இணைத்து மறுபடியும் எழுதினோம். ஏழு மாதமாயிற்று, ஆனால் பாலம் கட்டப்பட்டது. அந்த ஏழு மாதமும் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பாலத்துக்கு இப்பால் இறக்கி நடத்தி அனுப்பினார்கள்.

ஆனால் தோட்டத்துக் கேட் எல்லா இலாகாவுக்கும் மூடியதென்று நினைத்துவிடாதீர்கள். சில இலாகாக்களுக்கு உள்ளே வரச் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. டெங்கிக் காய்ச்சல் பரவினால், 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி சுகாதார இலாகா எந்த வளாகத்துக்குள்ளும் நுழைந்து சோதிக்கலாம். யாருக்காவது காய்ச்சல் உறுதியானால் மாவட்டச் சுகாதார ஆபீசுக்கே தகவல் போகவேண்டும். "மானேஜர் மருந்து புகை அடிக்கச் சொன்னார்" என்று அதோடு விட்டுவிடக் கூடாது. அடுத்தது தொழிலாளர் இலாகா. லயத்து வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம், ஆயாக்கொட்டகை இவற்றுக்கு 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் இருக்கிறது, 446-ஆம் சட்டம். அதை அமல் செய்வது தொழிலாளர் இலாகா. கூரை ஒழுகுகிறது என்று மாவட்ட மன்றத்துக்கு மனு போட்டால் அது குப்பைத் தொட்டிக்குப் போகும். தொழிலாளர் இலாகாவுக்குப் போட்டால் அதிகாரி வந்து பார்க்கலாம். இன்று நம் லயங்களில் வங்காளதேசத்துத் தோழரும் இந்தோனேசியத் தோழரும் நேப்பாளத் தோழரும் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர்களுக்கு மனு எழுதத் தெரியாவிட்டால் நாம் எழுதிக்கொடுப்பது சங்க வேலையில் சேர்ந்தது.

மற்ற இலாகாக்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்பு, இறப்பு, அடையாளக் கார்டு எல்லாம் தேசியப் பதிவிலாகா, கூட்டரசைச் சேர்ந்தது. பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதியவேண்டும், மரணத்தை 7 நாளுக்குள் பதியவேண்டும். தாய்மார்களே, இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். பிறப்புப் பத்திரம் சரியில்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாணம் வரை கதவு கதவாக அடைபடும். ஆதரவற்ற முதியவருக்கும் ஊனமுற்றவருக்கும் உதவித்தொகை சமூக நல இலாகாவில். தமிழ்ப்பள்ளி சம்பந்தமானது மாவட்டக் கல்வி இலாகாவில். குடிதண்ணீர் விநியோகம் கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் விஷயம்.

இனி அந்த இரண்டாவது தொப்பிக்கு வருகிறேன். நில நிர்வாகி.

மேலே சொன்ன குப்பையும் ரோடும் அன்றாடத் தொல்லை. நில ஆபீசில் நடப்பது நம் தலையெழுத்து. தோட்டம் விற்கப்படுவதும், துண்டாடப்படுவதும், வீட்டுமனையாக மாறுவதும் முதலில் ஒரு காகிதமாக அங்கேதான் நடக்கிறது. லயத்துக்கு நோட்டீஸ் வருவது கடைசிக் கட்டம். நோட்டீஸ் வந்த பிறகு கொடி பிடித்து நிற்கிறோம், வக்கீலைத் தேடுகிறோம், சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்கு ஓடுகிறோம். காகிதம் அதற்குப் பல ஆண்டுக்கு முன்பே கிளம்பியிருக்கும்.

1950-களில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது நம் மக்கள் ஆயிரக்கணக்கில் நடுத்தெருவுக்கு வந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் அவர்கள் ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். பிறகு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றும்போது தோட்ட நில வாரியத்தின் அனுமதி பெறவேண்டிய நிலைமைகளை அது சொல்கிறது. துண்டு துண்டாகக் கைமாறும் பேச்சு காதில் விழுந்தவுடன், "வாரியத்து அனுமதி வாங்கியாயிற்றா?" என்று சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்கவேண்டும்.

ரப்பர் நிலம் வீட்டுமனையாக மாறவேண்டுமானால் நிலப் பட்டாவில் உள்ள நிபந்தனையை மாற்றவேண்டும். முதலாளி நில நிர்வாகியிடம் விண்ணப்பம் போடுவார். முடிவு செய்வது மாநில அரசாங்கம். அங்கே குடியிருக்கும் தொழிலாளருக்கு வீடு கட்டிக்கொடு என்று நிபந்தனை போட மாநிலத்தால் முடியும், போட்ட இடங்களும் உண்டு. ஆனால் கேட்டால்தானே போடுவார்கள்! கையெழுத்தான பிறகு போய்க் கேட்டால் "முன்பே சொல்லியிருக்கலாமே" என்பார்கள்.

முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தயவுசெய்து கவனியுங்கள். 1976-ஆம் ஆண்டு நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 172-ஆம் சட்டம். அதன்படி ஊராட்சி மன்றம் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்று ஒரு திட்டம் தயாரிக்கிறது. தமிழில் உள்ளூர்த் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு வரைபடம். எந்த நிலம் விவசாயம், எது வீடமைப்பு, எது தொழிற்பேட்டை என்று கலர் கலராகத் தீட்டியிருக்கும். இன்று பால்மரம் நிற்கும் உங்கள் தோட்டம் அந்த வரைபடத்தில் வீடமைப்புக் கலரில் இருந்தால், வரப்போவது என்னவென்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

திட்டம் முடிவாவதற்கு முன்னால் நகல் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும், ஆட்சேபணைக்கு 4 வாரத்துக்குக் குறையாமல் அவகாசம் தரவேண்டும். அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிலச் சொந்தக்காரராக இருக்கவேண்டியதில்லை. லயத்தில் குடியிருக்கும் பால்வெட்டுத் தொழிலாளி எழுதலாம், ஆயாக்கொட்டகை ஆயா எழுதலாம், சங்கக் கிளை எழுதலாம். நேரில் பேச விரும்புவதாகவும் அதிலேயே எழுதிக் கேட்கலாம். இந்த வாய்ப்பைத் தவறவிட்டால் பிறகு வரும் வாசல் மிகக் குறுகல். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டுமானத்துக்கு விண்ணப்பித்தால், அக்கம்பக்கத்து நிலச் சொந்தக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி 21 நாள் அவகாசம் தருவார்கள். அக்கம்பக்கத்து நிலச் சொந்தக்காரருக்கு! அந்த நிலத்திலேயே மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவனுக்கு அந்தக் கடிதம் வராது. அவன் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லையே.

நகல் திட்டம் எங்கே வைக்கப்படுகிறது? மன்ற ஆபீசில். விளம்பரம் பத்திரிகையில் வரும், மன்றத்து அறிவிப்புப் பலகையில் வரும். பெரும்பாலும் மலாயில் இருக்கும். கிராணிமார்களே, இது உங்களுக்கு. நாம் கம்பெனிக் காரியமாக மாதம் ஒருமுறையாவது டவுனுக்குப் போகிறோம், பேங்குக்குப் போகிறோம், தபால் ஆபீசுக்குப் போகிறோம். பத்து நிமிடம் மன்றத்துப் பலகையைப் பார்த்துவிட்டு வருவதற்கு எந்த மானேஜரும் சம்பளம் பிடிக்கமாட்டார். பார்த்ததைக் கிளையில் சொல்லுங்கள். கிராணி மேல்சட்டை போட்டவன், பால்வெட்டுக்காரன் கிழிந்த சட்டைக்காரன் என்று பிரித்துவைத்த காலம் போய்விட்டது. தோட்டம் வீட்டுமனையானால் இரண்டு பேருடைய வேலையும் ஒரே நாளில்தான் போகும்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரருக்கும் திறந்தது என்று ஊராட்சிச் சட்டம் 23-ஆம் பிரிவு சொல்கிறது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர, யாரும் உட்கார்ந்து கேட்கலாம். குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. பேச அனுமதி இல்லை, கேட்கத்தான். ஆனால் சங்கத்திலிருந்து நான்கு பேர் பின்வரிசையில் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் பேசுகிறவர் வார்த்தையை அளந்து பேசுவார். காசு செலவில்லாத காரியம்.

கவுன்சிலர் நியமனத்தைப் பற்றியும் சொல்கிறேன். தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தகுதியுள்ளவரை நியமிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. டாக்டர், வக்கீல், கண்டிராக்டர் மட்டும்தான் தகுதி என்று எங்கும் எழுதவில்லை. கட்சிகள் தங்கள் ஆள்களின் பெயரைக் கொடுக்கின்றன. தோட்டங்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தின் மன்றத்தில் தோட்டத்தில் குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லையென்றால், அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். நியமனம் முடியும் மாதத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே சட்டமன்ற உறுப்பினருக்கும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினருக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் போகவேண்டும். ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக, வேலை ஓய்வு பெற்று வெளியே மலிவு விலை வீடு வாங்கியிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு விஷயம். இப்போது உங்கள் பெயர் பட்டாவில் ஏறிவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் பெயர் ஏறியவனுக்கு இரண்டு வரி உண்டு. ஒன்று மதிப்பீட்டு வரி, மன்றத்துக்கு. ஆண்டுக்கு இரண்டு தவணை: பிப்ரவரி முடிவதற்குள் ஒன்று, ஆகஸ்டு முடிவதற்குள் ஒன்று. மற்றொன்று நில வரி, நில ஆபீசுக்கு. மே 31-க்குள் கட்டிவிடவேண்டும். பலபேர் ஒன்றைக் கட்டிவிட்டு இரண்டும் கட்டியதாக நினைத்துக்கொள்கிறார்கள். நில வரி பாக்கி நின்றால் 'படிவம் 6ஏ' என்று ஒரு நோட்டீஸ் வரும். மலாயில் இருக்கிறதே என்று அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். அதில் குறித்த காலத்துக்குள், அதாவது 3 மாதம், பணம் கட்டாவிட்டால் நிலத்தை அரசாங்கமே எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாற்பது வருடம் பால் வெட்டிச் சேர்த்த வீடு, நூறு வெள்ளிக்கும் குறைவான பாக்கிக்குப் போகவேண்டுமா? வீட்டுக்காரர் இறந்துபோய்ப் பெயர் மாற்றாமல் கிடக்கும் வீடுகளும் நம்மிடையே நிறைய. அதற்கு 1955-ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி மனு போடலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை.

மனு எழுதும்போது தேதி போடுங்கள், நகல் எடுங்கள், கொடுத்த ஆபீசில் சாப் குத்தி வாங்குங்கள். வாயால் சொன்ன புகார் கவுண்டரோடு போய்விடும். சாப் குத்திய நகல் கையில் இருந்தால் அடுத்த முறை "எப்போது கொடுத்தீர்கள்?" என்று யாரும் கேட்கமுடியாது. இந்த வகுப்புக்கு வந்திருக்கும் ஒவ்வொரு கிளையும் இதற்கென்று ஒரு கோப்பு திறக்கவேண்டும் என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவர இருக்கிறார், அதை நான் வழிமொழிகிறேன்.

தேநீருக்குப் பிறகு மண்டபத்து வாசலில் மேசை போட்டு நானும் இன்னும் இரண்டு கிராணிமார்களும் உட்காருகிறோம். நோட்டீசுகளையும் கடிதங்களையும் கொண்டுவந்தவர்கள் எடுத்து வாருங்கள், படித்துச் சொல்கிறோம், பதிலும் அங்கேயே எழுதிவிடலாம். படிவம் 6ஏ வந்தவர்கள் முதலில் வரிசையில் நில்லுங்கள். அவர்களுக்குத்தான் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.